செடி சாகவில்லை, ஐயா!

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

போலகம் சிவசுப்பிரமணியன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். தாங்களும் நலமாகவே இருப்பீர்கள்; தங்கள் பிழைதிருத்துபவர்தான் நலமாக இல்லை என்று தோன்றுகிறது.

சென்ற இதழில் 'அழிந்தே போனவை' என்ற தலைப்பில் கவாய்த் தீவின் ஓ-ஓ பறவையையும், பிரான்சிஸ்கன் மன்சனிட்டா என்ற பூச்செடியையும் ஒரே பாடையில் ஏற்றியிருக்கிறீர்கள். பறவை சரி. கடைசி ஆண் பறவை ஜோடியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாடி, பதில் வராமலே போய்ச் சேர்ந்தது, மிச்சம் அந்தக் குரலின் ஒலிப்பதிவு மட்டும்தான். ஆனால் செடி? காட்டில் ஒன்றுகூட இல்லையென்று படித்தவர்கள் கைகழுவி அறுபது வருஷத்துக்கு மேல் கழித்து, சாலை வேலை நடக்கும் இடத்தில் ஒன்று தேமேயென்று நின்றது. வேர்மண்ணோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டார்கள். பறவைக்கு அழத்தான் முடியும் ஐயா, செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். உயிரோடு இருப்பதைச் செத்ததாக எழுத உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இதுவரை எழுதியதை அடுப்படியில் என் மனைவி அன்னபூரணிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், பாராட்டுவாள் என்று. தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு, "ஏங்க, நம்ம பிரதீபா பறவையா, செடியா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் பிரதீபா போன வருஷம் படகு வைத்திருக்கிற அருள்மணியைத் தானாகவே கட்டிக்கொண்டாள். நாங்கள் நெல் விதைக்கிற குடும்பம், அவர்கள் கடலுக்குப் போகிற குடும்பம். அன்றைக்கே தலைமுழுகிவிட்டேன். பேச்சுக்குச் சொல்லவில்லை ஐயா, நிஜமாகவே கிணற்றடியில் மொண்டு மொண்டு ஊற்றினேன், சளி பிடித்துப் படுத்ததுதான் கண்ட பலன். "தலைமுழுகுறது செத்தவங்களுக்குங்க. அவ காரைக்கால்ல கடைத்தெருவுக்குப் போயிட்டு வந்துட்டிருக்கா. பத்திரிகைக்காரருக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?" என்றாள். மகள் நினைப்பு வராத நாளில்லை எனக்கு. ஆனாலும், "ஒரு தடவ சொன்னா சொன்னதுதான்" என்று முறைத்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

ஆகவே உடனே திருத்தம் வெளியிடவும். இல்லையேல் சந்தாவை நிறுத்துவேன். தங்கள் குடும்பத்தார் அனைவரும் வாழையடி வாழையாகத் தழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
சிவசுப்பிரமணியன்

பி.கு.: திருத்தத்தை உங்கள் சௌகரியம்போல் போடுங்கள், சந்தாவும் ஓடட்டும். தபாலில் சேர்க்குமுன் மகளுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் அருள்மணி. "சொல்லுங்க மாமா" என்றார். என்ன பேசுவதென்று தெரியாமல், பறவை, செடி விவகாரம் மொத்தத்தையும் படித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "அந்தச் செடி பொழச்சிக்கிச்சுங்களா மாமா?" என்று கேட்டார். "பொழச்சிக்கிச்சு மாப்பிள்ளை" என்றேன். அவரை நான் அப்படிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.