கடலுக்குப் பட்டா கிடையாது

ஞாயிறு, பிற்பகல்

வணக்கத்துக்குரிய அண்ணன் சின்னக்கண்ணு அவர்கள் சமூகத்துக்கு, தம்பியும் ஓய்வுபெற்ற கிராம உதவியாளருமான பிச்சைமுத்து, கடலூர் பக்கத்துக் கடற்கரை மணலில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கு மார்கழிக் குளிர் ஜாஸ்தி, என் உடம்பு சுமார். தாங்கள் நல்ல தெம்போடு இருப்பதை, நேற்று முதல் நான் போட்ட பதினொரு போனையும் விடாமல் வெட்டியதிலிருந்து தெரிந்துகொண்டேன். மகிழ்ச்சி. ஆகவே கடிதம்.

புதுச்சேரிக்குக் கண் காட்டப் போகிறேன் என்று தங்களிடம் சொன்னது பொய். கட்டைப்பை நிறைய வேர்க்கடலையும் ஒரு பாட்டில் கல்வராயன் மலைத் தேனும் தூக்கிக்கொண்டு யாரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடை முனியன் தங்களிடம் போட்டுக்கொடுத்திருப்பான், அதுவும் நியாயமே. என் மகள் எழில்மதியைப் பார்க்கத்தான் வந்தேன். ஆனால் வாக்கை மீறவில்லை. மூன்று வருடத்துக்கு முன், மீன்பிடிக்கும் சந்தோஷ் என்கிற மேற்படியாளைக் கட்டிக்கொண்டு அவள் போன அன்று, “அவ வூட்டு வாசப்படிய மிதிச்சா நீ எனக்குத் தம்பி இல்ல, என் பொணத்தக் கூட பாக்க வராத” என்று தாங்கள் சொல்ல, நான் சத்தியம் செய்தேன். ஐப்பசியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்றாம் நாளே போய்விட்டது என்று சேதி வந்தபோதும் தாங்கள், “சத்தியம் சத்தியந்தான்” என்றீர்கள். நானும் சரி என்று மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேன். அன்றைக்கு அந்த மாடு மூன்று தடவை தண்ணி குடித்தது.

நேற்று மதியம் வந்து சேர்ந்தேன். எழில் வாசலில் நின்றாள். இளைத்துவிட்டாள், அண்ணா. “உள்ள வாப்பா” என்றாள். நான், “இல்லம்மா, இங்கியே காத்து நல்லா இருக்குது” என்று சொல்லி, கவிழ்த்துப்போட்டிருந்த ஒரு பழைய படகின் மேல் உட்கார்ந்துகொண்டேன். காற்று நல்லாத்தான் இருந்தது, பல் ஒன்றோடொன்று மோதுகிற அளவுக்கு. டீ, சாப்பாடு எல்லாம் அங்கேயே வந்தது. சாப்பாட்டில் பாதி மணல். ஒவ்வொரு தடவையும் “உள்ள வாப்பா” என்பாள், நான் காற்றைப் புகழ்வேன். குழந்தையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது என் நெஞ்சில் இருந்தது அது ஒன்றுதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும், வேர்க்கடலையை வறுத்துத் தின்றால் நல்லதா அவித்துத் தின்றால் நல்லதா என்று அரைமணி நேரம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். ராத்திரி படுக்கை, வலை வைக்கிற கொட்டகையில்.

இன்று விடியற்காலை மேற்படியாள் வந்து, “மாமா, கூட வர்ற ஆளுக்குக் காய்ச்சலுங்க. சும்மா உக்காந்துக்கினு இருக்கறதுக்கு கடலுக்கு வரீங்களா?” என்றார். நான் முப்பது வருடம் நில அளவைக்குச் சங்கிலி பிடித்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். யோசித்துப் பார்த்தேன். சத்தியத்தில் வீடு வருகிறது, வாசப்படி வருகிறது. கடல் வரவில்லை. கடலுக்கு சர்வே நம்பர் இல்லை, பட்டா இல்லை, நாலு எல்லை இல்லை. அது அவர்கள் வீட்டில் சேராது. ஆகவே குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு ஏறினேன்.

ஏறியது தப்பு. நம்ம ஏரி மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் பெரிசு என்று நினைத்திருந்தேன். அலையைத் தாண்டும்போது அந்தச் சின்ன ஃபைபர் படகு எழுந்து நின்றது, நான் உட்கார்ந்த வாக்கிலேயே நம்ம குலதெய்வத்திலிருந்து சங்கராபுரம் தாசில்தார் வரைக்கும் எல்லாரையும் கூப்பிட்டேன். குல்லாய் கடலோடு போயிற்று. பிறகு வாந்தி. எழில் கொடுத்த இட்லி, முந்தாநாள் சாப்பிட்ட களி, எல்லாம். மேற்படியாள் என்ஜினை நிறுத்திவிட்டு வந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். தன் துண்டால் என் வாயைத் துடைத்தார். கல்யாணம் ஆன இந்த மூன்று வருடத்தில் நான் இவர் கையைக் கூடத் தொட்டதில்லை, அண்ணா. வலையை இழுக்கும்போது ஒரு நண்டு என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கடைசியில் வேட்டியை நண்டுக்கே கொடுத்துவிட்டு அண்டிராயரோடு உட்கார்ந்தேன். இந்தக் கோலத்தில்தான், கரையைப் பார்க்காமல், கேட்டேன்.

“கொழந்த... எப்பிடி இருந்துச்சி?”

அவர் வலையிலிருந்து கையை எடுத்தார். “உங்க காதுங்க மாமா. அப்பிடியே வெளிய நீட்டிக்கினு. கண்ணாடிப் பெட்டில வச்சிருந்தாங்க. நர்சம்மா கூட சிரிச்சாங்க, இன்னா காதுடா இதுன்னு.”

“பேரு?”

“வைக்கலிங்க. ஊர்ல இருந்து யாருனா வருவாங்க, வந்து வைப்பாங்கன்னு எழிலு சொல்லிக்கினே இருந்துச்சி. மூணு நாளும் வாசலயே பாத்துக்கினு இருந்துச்சி.”

பிறகு கரைப்பக்கம் கைநீட்டி, “அந்தச் சவுக்குத் தோப்பு தெரியுது பாருங்க, அதுங்கிட்டதான் வச்சிருக்கோம்” என்றார். தெரிந்தது. கறுப்பாக, ஒரு விரல் உயரத்துக்கு. என் காது என்றால் அது நம்ம அப்பா காது, தங்கள் காதும் அதுதான். வாந்தி எடுத்தால் கண்ணில் தண்ணீர் வருவது சகஜம். மற்றபடி பிச்சைமுத்து நடுக்கடலில் அழுதான் என்று யாராவது வந்து சொன்னால் தாங்கள் நம்ப வேண்டாம்.

கிடைத்தது ஒரு கூடை மத்தியும், எட்டு நண்டும். அதில் ஒன்று என்னுடையது. இன்று நாலு மணி பஸ்ஸில் கிளம்புகிறேன். வாசப்படியை மிதிக்கவில்லை என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். அண்ணி லட்சுமியம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தாங்கள் நூறு வயசு இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டும்,

தங்கள் தம்பி,
பிச்சைமுத்து

பின்குறிப்பு: இன்று வியாழன். மேலே எழுதியதைத் தபாலில் போடவில்லை, நாலு மணி பஸ்ஸிலும் ஏறவில்லை. அன்று போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல வாசலுக்குப் போனேன். ரெண்டு நாளாக “உள்ள வா, உள்ள வா” என்று கூப்பிட்டவள் அன்று கூப்பிடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். கூப்பிடாததால் உள்ளே போய்விட்டேன். போன பிறகு ரெண்டு பேரும் எவ்வளவு நேரம் அழுதோம் என்று தெரியாது, மீன் கருகிப்போனது மட்டும் தெரியும். இப்போது அந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சத்தியத்தை மீறியாயிற்று, தாங்கள் சொன்னபடி நான் தங்களுக்குத் தம்பி இல்லை.

என் வீட்டுக்காரி தைலம்மாள் நேற்று வந்துவிட்டாள். கூட அண்ணியும் வந்திருக்கிறார். அண்ணி தியாகதுருகத்தில் தங்கச்சி வீட்டில் இருப்பதாகத் தாங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அப்படி இல்லை. கொல்லைப்புறத்தில் எழிலுக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார். காலையில் மூன்று பேரும் சவுக்குத் தோப்புக்குப் போய் வந்தார்கள். பேர் வைக்க வேண்டும் என்கிறார்கள். இல்லாத குழந்தைக்கு எதற்கு என்றேன். மூன்று பேரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். பெரியப்பா வந்துதான் வைக்கணும் என்று எழில் சொல்கிறாள்.

விழுப்புரத்தில் இறங்கி பஸ் மாற வேண்டும். எந்த பஸ் என்று மட்டும் அண்ணி போனுக்குச் சொல்லுங்கள். கடலூர் பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளை வந்து நிற்பார்.