சிறுத்தையைத் தோற்கடித்த செவலை

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தைத்தான் மனிதர்கள் ரொம்பச் சத்தமாகச் சொல்வார்கள். நான் மைக் பிடித்தே சொன்னேன்.

உடுமலைப் பக்கத்துக் காப்புக்காட்டில் ஊர்நாய்கள் கூட்டமாகப் புகுந்து புள்ளிமான் குட்டிகளைக் கடித்துக் கொன்றுகொண்டிருந்தன. எங்கிருந்து வருகின்றன, எதுவரை போகின்றன என்று தெரிந்தால்தானே தடுக்க முடியும்? வனத்துறை சில நாய்களின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டியது. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். லீவு நாளில் காட்டுக்குத் தன்னார்வலர். பட்டைகளைக் கண்காணிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். (விஞ்ஞானி ஆகிவிட்டதாக நானே முடிவு செய்துகொண்டேன்.)

ஒரு செவலை நாய் என்னை அசரடித்தது. ராத்திரி காட்டோரம், பகலில் திருப்பூர்! ஊர்க்கூட்டத்தில் மைக்கைப் பிடித்தேன். “இதோட வேட்டை எல்லை திருப்பூர் வரைக்கும் இருக்குதுங்க. ஓட்டத்துல சிறுத்தையே தோத்துடும்!” கைதட்டல் வேறு.

வனத்துறை ரேஞ்சருக்கு மட்டும் சந்தேகம். “நேர்லயே பாத்துருவமுங்களா, அம்மிணி?”

மறுநாள் வலையோடு ஜீப்பில் கிளம்பினோம். செல்போனில் தெரிந்த ஜிபிஎஸ் புள்ளியை விட்டுக் கண்ணெடுக்காமல் நான் வழி சொன்னேன். “லெஃப்ட்டுங்க... நேரா... இந்த கேட்டுக்குள்ளதானுங்க!”

நிமிர்ந்தேன். எங்கள் கம்பெனி.

கேண்டீன் பின்னால், மீந்த சோறு ஏற்றும் டெம்போவில் மாப்பிள்ளை மாதிரி சாய்ந்திருந்தது செவலை. சமையல்கார சரசக்கா எலும்பு போட்டுக்கொண்டிருந்தார். “தெனமும் இந்த வண்டியிலதான் வருது, போகுதுங்க. ஏனுங்க மேடம், உங்களுக்குத் தெரியாதுங்களா?”

தையல் செக்‌ஷனே ஜன்னலில் நின்று சிரித்தது. ரேஞ்சர் சிரிக்கவில்லை. “இந்தச் சோத்தை எங்கீங்க கொட்டறீங்க?”

டெம்போ டிரைவர் தலையைச் சொறிந்தார். “எங்கூருக்குப் போற வழியிலீங்க... காட்டோரமா.”

எனக்குச் சுரீரென்று உறைத்தது. காட்டுக்குள் நாய்க்கூட்டத்தை வரவழைத்ததே எங்கள் கேண்டீன்தான்! வெட்கத்தை அப்படியே விட்டுவிட்டு முதலாளி அறைக்கு ஓடினேன். “நம்ம பிரியாணிதானுங்க மான்குட்டியக் கொல்லுது!” அவர் பயந்தே போனார். அன்றிலிருந்து டெம்போ மீந்த சோற்றைக் காட்டோரம் கொட்டாமல் ஒரு பன்றிப் பண்ணைக்குக் கொண்டுபோனது.

சோறு நின்றதும் கூட்டம் கலைந்தது. மிச்ச நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் விட்டார்கள். மழை பெய்து புல் முளைத்தபோது, அதே காட்டோரத்தில் மான்கள் குட்டிகளோடு மேய்ந்தன. ரேஞ்சர் கை கொடுத்தார். “உங்க விஞ்ஞானம் தப்புங்க அம்மிணி. ஆனா ரிசல்ட் சூப்பருங்க.”

இன்றைக்கும் நான் ஷூ மாட்டினால் வீட்டுக்காரர் கேட்பார், “காட்டுக்குங்களா, கேண்டீனுக்குங்களா?” பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

“கேண்டீனைப் பிடிச்சதாலதான் காடு பொழச்சுது” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிளம்புவேன்.