பூசாரிக்கு நூற்று எண்பத்தாறு

எந்த வேலையையும் சீக்கிரமே தொடங்கிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். நானே அந்த ரகம் என்பதால் வந்த பயம் அது. பதினெட்டு வயதில் எழுத வேண்டிய மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு நான் பதினான்கு வயதிலேயே படிக்க உட்கார்ந்தேன். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதைதான்.

அந்தக் காலத்தில் மலேசியாவின் ஈப்போவில், எங்கள் தாமான் குடியிருப்பில் ஒருத்தி எலும்புகளின் பெயர்களைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டே துணி காயப்போட்டாள் என்றால் அது நான்தான். (தேர்வில் எலும்பைப் பற்றி ஒரு கேள்விகூட வராது என்பது பிறகுதான் தெரிந்தது.) காம்பார் ஊரில் படித்த ஓர் அக்காவிடம் வாங்கிய பழைய வழிகாட்டி நூல் ஒன்றில், மதிப்பெண் மட்டும் போதாது, சேவை அனுபவமும் அதற்கு ஒரு கடிதமும் வேண்டும், முன்கூட்டியே சேர்க்கத் தொடங்குங்கள் என்று எழுதியிருந்தது. 'முன்கூட்டியே' என்ற சொல்லுக்கு அடியில் மூன்று கோடு போட்டேன்.

லாரி ஓட்டுநரான அப்பா தன் வேலையையும் முன்கூட்டியே தொடங்கியிருந்தார். எனக்கு மருத்துவ இடம் கிடைக்க மூன்று வருடம் தொடர்ந்து தீ மிதிப்பதாக மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார். சிலிம் ரிவர் ஊர்ப் பக்கம், அவர் பிறந்த கித்தாத் தோட்டத்துக் கோயில் அது. தோட்டத்தில் ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளை இடித்து, சனங்கள் ஆளுக்கொரு ஊராகப் போன பிறகும் திருவிழாவுக்கு மட்டும் எல்லோரும் வந்துவிடுவார்கள். இடையில் ஒரு வருடம் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அந்தக் கோயில் வழக்கம். நான் பதினாறு வயதில் நான்காம் படிவத்தில் படித்தபோது அப்பாவுக்கு அது மூன்றாவது வருடம்.

என் சேவையைத் தொடங்க நான் தேர்ந்தெடுத்ததும் அந்த வருடத் தீமிதி நாளைத்தான். மாமா வீட்டு ரத்த அழுத்தக் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு கோயில் தலைவரிடம் போனேன்.

"தலைவரே, தீ மிதிக்கிறவங்களுக்கெல்லாம் நான் பிரஷர் பாக்குறேன். நீங்க ஒரு லெட்டர் மட்டும் குடுத்தா போதும்."

"தாராளமா பாரும்மா. நம்ம தோட்டத்துக்கு நீதான்லா மொத டாக்டரு!"

மாலை ஐந்து மணிக்கு, காப்புக் கட்டிய பதினோரு பேரும் ஆற்றில் குளித்துவிட்டு உறுமி மேளத்துக்கு ஆடிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். நான் வாசலிலேயே மறித்தேன். ஈரம் சொட்டச் சொட்ட நின்றவர்களின் தொங்கிய கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினேன். முதல் ஆளுக்கு நூற்று எழுபது. இரண்டாவது அப்பா, நூற்று எழுபத்தெட்டு. அதற்குப் பிறகு வந்தவர்களும் குறையவில்லை. பதினோரு பேரில் ஒருவருக்காவது சரியாக இருக்க வேண்டாமா என்று எந்த மண்டூகத்துக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. ஒரு தோட்டத்தையே பிடித்திருக்கும் நோயை நான் தனியாளாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். நேர்காணலில் இதை எப்படிச் சொல்வது என்றுகூட மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, வெட்கக்கேடு.

கடைசியாகப் பூசாரி. நூற்று எண்பத்தாறு.

"ஐயா, நீங்க நெருப்புல எறங்கவே கூடாது. யாருமே எறங்கக் கூடாது."

பூசாரி ஆடிப்போய்விட்டார். "காலையில இருந்தே தல சுத்துற மாதிரிதாம்மா இருந்துச்சு" என்று சொல்லிப் பாயில் படுத்துவிட்டார். (விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுசனுக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?) கரகம் எடுத்து முதலில் இறங்க வேண்டியவர் அவர். அவர் படுத்தால் மற்ற பத்துப் பேரும் உட்கார வேண்டியதுதான். மேளம் நின்றது. பூக்குழியில் கங்கு தகதகவென்று காத்துக்கொண்டிருந்தது.

அன்னதானப் பந்தலிலிருந்து அம்மா கையில் கரண்டியோடு ஓடிவந்தார்.

"அடியே, ஒங்கப்பா மூணு வருசமா யாருக்காகடி நெருப்பு மிதிக்கிறாரு? இப்ப விட்டா மறுபடியும் மொதல்லேருந்துடி!"

அப்பா திட்டவில்லை. காப்புக் கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "விடுலா. பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும். படிக்கிற புள்ள."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு வாதாடியிருப்பேன். அவர் என்னை நம்பிவிட்டார். மூன்று வருட வேண்டுதலை என் கையிலிருந்த டப்பாவை நம்பி விட்டுக்கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். அந்த நம்பிக்கைக்கு நான் லாயக்கில்லை என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சரசு அக்கா வந்தார். அரசாங்க மருத்துவமனையில் பல வருடம் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்துப் பல டாக்டர்களையே நடுங்க வைத்தவர்.

"எல்லாரையும் உக்கார வச்சுப் பாத்தியா?"

"இல்லக்கா."

"கைய நெஞ்சுக்கு நேரா வச்சியா?"

"இல்லக்கா."

"ஆடிட்டு வந்து எவ்ளோ நேரங் கழிச்சுப் பாத்த?"

"வந்த ஒடனே..."

"இந்த டப்பாக்குள்ள ஒரு பேப்பர் இருக்குமே, அதையாச்சும் படிச்சியா?"

இரண்டு வருடத்தில் நான்கு தடிப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவள் நான். அந்த ஒற்றைத் தாளை மட்டும் பிரிக்கவே இல்லை.

சரசு அக்கா பதினோரு பேரையும் மண்டபத்து நாற்காலிகளில் உட்கார வைத்தார். கால் தரையில், கை மேசையில், ஐந்து நிமிடம் யாரும் மூச்சுவிடக்கூடாது. (விடலாம், பேசத்தான் கூடாது.) "எவ்ளோ நேரம்லா இப்படியே..." என்று ஒருவர் தொடங்க, "வாய மூடு மச்சான், ஏறிடப் போவுது!" என்று பக்கத்தில் இருந்தவர் அடக்கினார். பிறகு அக்கா ஒவ்வொருவராக அளந்தார். எல்லோருக்கும் இறங்கியிருந்தது. கடைசியில் பூசாரிக்கு நூற்று முப்பத்தெட்டு. அவருக்குத் தலைசுற்றலும் அந்த நொடியே நின்றுபோனது.

ஒரு மணி நேரத் தாமதத்தோடு அப்பா பூக்குழியில் இறங்கினார். ஓடவில்லை, நடந்துதான் வந்தார். நெருப்பைத் தாண்டியதும் இருந்த பால் குழியில் கால் வைத்ததும் கூட்டத்தில் என்னைத் தேடிச் சிரித்தார். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

தலைவர் வாக்கு மாறாமல் கடிதம் கொடுத்தார். 'பக்தர்களை அமைதியாக உட்கார வைப்பதில் பெரிதும் உதவினார்' என்று எழுதியிருந்தார்.

மருத்துவ இடம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். இரண்டு முறை எழுதியும் கிடைக்கவில்லை. இப்போது ஈப்போவில் ஒரு மருந்தகத்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். பிடித்த வேலைதான். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா மட்டும் காரணத்தை விளக்காமல் விடுவதில்லை. "அன்னிக்கு நெருப்பு கொஞ்சம் ஆறிப்போச்சுலா. முழுச் சூட்டுல எறங்கியிருந்தா டாக்டரு. ஆறின சூட்டுக்கு அம்மன் மருந்துக் கடதான் குடுத்தா."

போன வருடம் திருவிழாவுக்கு அவரோடு போயிருந்தேன். ஆற்றிலிருந்து வந்தவர்கள் நேராக மண்டபத்துக்குப் போய், கையை மேசையில் வைத்து, வாயை மூடி வரிசையாக உட்கார்ந்தார்கள். கருவி எதையும் காணோம், அளக்கவும் யாரும் இல்லை. புதுப் பூசாரியிடம் இது என்னவென்று கேட்டேன். அவர் உதட்டில் விரலை வைத்து அதட்டினார்.

"பேசாதீங்கக்கா, தெய்வக் குத்தமாயிடும். அஞ்சு நிமிசம் இப்படி உக்காந்துட்டுத்தான் எறங்கணும். நம்ம ஆளுங்க கப்பல்ல வந்தப்பவே கொண்டாந்த வழக்கம்லா இது!"

நானும் கையை மேசையில் வைத்துக்கொண்டு பயபக்தியோடு உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.