ஏகாம்பரம் வீட்டு பீரோ மூன்றடி நகர்ந்த கதை

ஒரு காட்டில், முறையான பட்டா உள்ள ஒரு வளையில், முள்ளம்பன்றிக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. பட்டா என்றதும் பெரிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலை மறைத்துக்கொண்டு ஓர் இரும்பு பீரோ நின்றது.

பீரோ, அந்த வீட்டுக்கு வாழவந்த பூரணி சீராகக் கொண்டுவந்தது. அதைக் கொண்டுபோய் ஜன்னலில் ஒட்டி நிறுத்தியது அவள் புருஷன் ஏகாம்பரம். அது கன்னி மூலையாம். தென்மேற்கில் பீரோ இருந்தால் வீட்டில் செல்வம் தங்குமாம். பதினான்கு வருஷமாகிறது. செல்வத்தைத்தான் காணோம் என்றால், இருந்த வெளிச்சமும் போனது.

மற்ற சாமான்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் சாப்பிடுகிற மேஜை ஒன்று உண்டு. அதில் யாரும் ஒரு வாய் சாப்பிட்டது கிடையாது. ஊறுகாய் ஜாடி, தைலப் பாட்டில், ஓடாத மிக்ஸி, முடிந்துபோன கல்யாணங்களின் பத்திரிகைகள், எல்லாம் அதன்மேல்தான். குடும்பம் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சாப்பிடும். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று ஏகாம்பரம் வாங்கிய டிரெட்மில்லில் துண்டு காய்ந்தது. இதற்கு நடுவில் ஒரு முள்ளம்பன்றி திரும்பினால் இன்னொரு முள்ளம்பன்றி கத்தும். திரும்புவதற்கு முன்னால் "திரும்புறேன்" என்று குரல் கொடுப்பது அந்த வீட்டுப் பழக்கம்.

வளையை ஓரடி நீட்டலாமே என்பீர்கள். அதற்குப் படிவம் பதினாறு, மூன்று நகல், நான்கு கையெழுத்து. நான்காவது கையெழுத்துப் போடவேண்டியது ஆமை. அவர் லீவில் போனது போன வருஷம். இன்னும் வாசலைத்தான் தாண்டியிருக்கிறார்.

பூரணிக்கு வந்த கஷ்டம் இதுதான். காட்டு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலைக்குப் பரீட்சை வந்தது. பத்து வாரம் இருந்தது. வயது வரம்புப்படி இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. போன தடவை சமையல்கட்டில் நின்றபடி படித்தாள். காட்டின் நிலப்பரப்பு என்ற பாடத்தின் மேல் சாம்பார் கொட்டிவிட்டது. கேள்வி அதிலிருந்துதான் வந்தது. ஒரு மார்க்கில் போனது. அவள் கேட்டதெல்லாம் உட்கார ஓர் இடம், கொஞ்சம் வெளிச்சம், தினம் இரண்டு மணி நேரம்.

சந்திரிகா என்று ஒரு தூக்கணாங்குருவி இருந்தாள். இருக்கிற சாமானை இடம் மாற்றியே வீட்டை எப்படிப் பெரிதாக்குவது என்று கைபேசியில் வீடியோ போடுகிறவள். காட்டில் பாதிப் பேர் பார்ப்பார்கள். சொந்தமாக ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது, ஆனால் சோபாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவாள். பூரணி அவளை வரவழைத்தாள்.

சந்திரிகா டியூப் லைட் மேல் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தாள். "அக்கா, புதுசா ஒண்ணும் வாங்க வேண்டாம். பீரோவை எதிர்ச்சுவத்துக்குத் தள்ளுங்க. மேஜையைக் காலி பண்ணி ஜன்னல் பக்கம் போடுங்க. டிரெட்மில்லை நிமிர்த்தி நிறுத்துங்க."

"பீரோ கன்னி மூலையை விட்டு நகரக்கூடாது" என்றார் ஏகாம்பரம்.

"அண்ணே, மூணு லட்சம் பேர் என்னைப் பார்க்கிறாங்க" என்றாள் சந்திரிகா.

அவரே போய்ப் பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். ஒரே நாளில் வேலை முடிந்தது. சும்மா சொல்லக்கூடாது, வீடு நன்றாகத்தான் ஆனது. ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்தது. குட்டிகள் குரல் கொடுக்காமலே திரும்பின. அன்று சாயங்காலம் பூரணி மேஜையில் புத்தகத்தை விரித்து, இரண்டு மணி நேரம் ஒரே மூச்சாகப் படித்தாள். மறுநாளும் படித்தாள். அந்த இரண்டு நாளும் அவள் இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

மூன்றாம் நாள் ஏகாம்பரத்தின் சீட்டாட்டக் கோஷ்டி வந்தது. "என்னய்யா, வீடு மைதானம் மாதிரி ஆயிடுச்சு" என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்தது. அடுத்த வளை உடும்பு, இரண்டே நாள் என்று சொல்லித் தன் பிரிட்ஜைக் கொண்டுவந்து வைத்தது. வீடு பெரிதான சேதி எட்டு மைல் தள்ளியிருந்த நாத்தனார் கோமளாவுக்கு எப்படிப் போயிற்றோ, மூக்கில் வேர்த்தாற்போல மூன்று குட்டிகளோடு வந்து இறங்கினாள்.

"அண்ணி, பிள்ளைங்களுக்கு லீவு. இனிமே இங்கதான் இடம் இருக்கே" என்று ஜன்னலடியில் பாயை விரித்தாள்.

பூரணி மறுபடி சமையல்கட்டுக்குப் போனாள். அங்கேயும் உடும்பின் பிரிட்ஜ் நின்றது. ஐந்து வாரம் இப்படியே ஓடிவிட்டது. ஒருநாள் பொறுக்கமுடியாமல் புருஷனிடம் கேட்டாள்.

"என்னங்க, எனக்குப் பரீட்சை இருக்கு. ஒரு ரெண்டு மணி நேரம் அந்த மேஜையை விட்டுக் கொடுங்களேன்."

"படியேன், யார் வேண்டாம்னாங்க? நாங்க சீட்டை மெதுவாத்தானே போடுறோம்" என்றார் அவர்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லமுடியாது. உண்மையாகவே மெதுவாகத்தான் போட்டார்கள். பூரணி அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். இடம் பண்ணியது அவள், இடம் கிடைத்தது ஊருக்கு.

அப்போதுதான் கூடத்தில் ஏகாம்பரம் முனகுவது கேட்டது. ஸ்கூட்டர் சாவியைக் காணோமாம். "பீரோவை நகர்த்தினதிலேர்ந்து இந்த வீட்டுல எதுவும் விளங்கலை" என்றார்.

பூரணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு கூடத்துக்கு வந்தாள்.

"சந்திரிகா போன் பண்ணினா. தப்பு நடந்துபோச்சாம். பீரோ கன்னி மூலைக்கே போகணுமாம்."

ஏகாம்பரம் சீட்டைக் கீழே வைத்தார். "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

"ஆனா முன்ன மாதிரி சுவத்தோட ஒட்டக்கூடாதாம். மூணடி விடணுமாம்."

"எதுக்கு மூணடி?"

"லட்சுமி பின்பக்கமாத்தான் வருவாளாம். பதினாலு வருஷமா வழியை அடைச்சு வெச்சா அவ எப்படி வருவா? அந்த மூணடிக்குள்ள வேற யாரும் எட்டிப் பார்க்கவும் கூடாதாம்."

ஒரு மேஜையை இரண்டு மணி நேரம் விட்டுக்கொடுக்காத மனுஷர், இதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. கைபேசியில் திசை பார்த்தார். டேப் பிடித்து மூன்றடியை அளந்தார். சீட்டாட்டக் கோஷ்டியே சேர்ந்து பீரோவைத் தூக்கியது. பூரணி பீரோவின் இரண்டு பக்க இடைவெளிகளையும் சூட்கேஸ் அடுக்கியும் மெத்தையைச் சுருட்டி நிறுத்தியும் அடைத்தாள். அதற்கு முன்பு ஒரு சின்ன டீபாயை அவள் உள்ளே தள்ளிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. சாப்பாட்டு மேஜை நடுக்கூடத்துக்கு வந்தது. ஊறுகாய் ஜாடியும் மிக்ஸியும் அதன்மேல் ஏறின. டிரெட்மில்லைப் படுக்கப்போட்டாள்.

வீடு முன்பைவிடச் சின்னதாகிவிட்டது. பகலிலேயே விளக்குப் போடவேண்டியிருந்தது.

கோமளா ஒருநாள் தாக்குப்பிடித்தாள். "அண்ணி, மூச்சு முட்டுது. நாங்க கிளம்புறோம்" என்றாள். "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்" என்று பூரணி மனசாரச் சொன்னாள். இப்போது சொல்வதில் ஆபத்தில்லை. சீட்டாட்டம் உடும்பின் வளைக்கு மாறியது. உடும்பு வந்து பிரிட்ஜை எடுத்துக்கொண்டு போனது.

அன்றிலிருந்து பூரணி மத்தியானச் சமையலை முடித்ததும் மெத்தையை ஒரு சாண் விலக்கி உள்ளே நுழைவாள். உள்ளே ஜன்னல் முழுசாக அவளுக்கு. டீபாய் மேல் புத்தகம். மேலே பீரோ முதுகில் காட்டின் வரைபடத்தை ஒட்டியிருந்தாள்.

"பூரணி எங்கே?" என்று யாராவது கேட்டால் ஏகாம்பரமே பதில் சொல்லிவிடுவார். "ரேஷன் கடை கியூவுல நிப்பா." ரேஷன் கியூ என்றால் எவ்வளவு நேரமானாலும் யாருக்கும் சந்தேகம் வராது. வெறும் பையோடு திரும்பினாலும் வராது.

ஒரே ஒரு சிக்கல், முள். பக்கம் புரட்டும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் வந்தது. முதல் தடவை கேட்டபோது ஏகாம்பரம் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றார். குட்டிகளை "உஷ்" என்றார். உடம்பெல்லாம் அவருக்குச் சிலிர்த்துக்கொண்டது.

"அவ வந்துட்டா" என்றார் மெதுவாக. பீரோவுக்கு ஊதுபத்தி ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த இரண்டு மணி நேரம் டிவியின் சத்தத்தைக்கூடக் குறைத்தார். பெண்டாட்டி கேட்டபோது குறையாத சத்தம் அது. பூரணிக்கு உள்ளே சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போனாள்.

பரீட்சை எழுதினாள். தேறினாள். அதுவும் காட்டிலேயே ஏழாவதாக.

ஏகாம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய ரோஜா மாலை ஒன்று வாங்கிவந்தார். பூரணி எழுந்து தலையைக் குனிந்து நின்றாள். அவர் அவளைத் தாண்டிப் போய் மாலையைப் பீரோவுக்குப் போட்டார்.

"பார்த்தியா? பதினாலு வருஷம் வராத செல்வம், மூணடி நகர்த்தினதும் வந்துடுச்சு."

பூரணி நிமிர்ந்து நின்றுகொண்டாள். "ஆமாங்க, எல்லாம் பீரோதான்" என்றாள்.

சேதி பரவியது. வாழ்த்துச் சொல்லக் காடே திரண்டு வந்தது. ஆண்கள் எல்லாம் பீரோவுக்கு முன்னால் நின்று, ஏகாம்பரம் டேப் பிடித்து விளக்கியதைக் கேட்டார்கள். பெண்களைப் பூரணி ஒவ்வொருத்தியாக மெத்தைப் பக்கம் கூப்பிட்டுப் போனாள். எட்டிப் பார்த்த யாரும் உள்ளே இருந்ததை வெளியே வந்து சொல்லவில்லை. "நல்ல வாஸ்து" என்று மட்டும் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காட்டில் எந்த வளைக்குப் போனாலும் பீரோ இழுபடும் சத்தம். நரி இழுத்தது, கரடி இழுத்தது, உடும்பு இடுப்பைப் பிடித்துக்கொண்டு இழுத்தது. யாரையும் யாரும் கெஞ்சவில்லை. பக்கத்தில் பெண்கள் ஆளுக்கொரு ஸ்டூலை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பக்தியோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நீதி: வீட்டில் உனக்கென்று ஒரு மூலை வேண்டும் என்று கேட்காதே, கிடைக்காது. சாமிக்கு வேண்டுமாம் என்று சொல், அளந்து விடுவார்கள்.