மொழிபெயர்க்க வந்தவர் மேல்தான் கோபம்

சிலருக்கு மூக்கு நுனியில் கோபம் இருக்கும் என்பார்கள். எனக்கு இருபத்து நான்கு வயதில் அது மூக்கைத் தாண்டி ஓரடி முன்னால் நடந்துகொண்டிருந்தது. நான் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருவேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பிராங்பேர்ட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன நகரத்தில், அகதிகள் தங்கும் ஹைமில், சிவபாலன் அண்ணைக்கும் எனக்கும் ஒரே அறை. அண்ணை ஊரில் கந்தோர் உத்தியோகத்தர். இங்கே இருவருக்குமே வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனாலும் விடிய ஐந்து மணிக்கு மணிக்கூட்டை அலற வைத்து எழும்பி, முகம் வழித்து, சேர்ட்டை உள்ளே விட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். (எங்கே போக? எங்கேயும் இல்லை.) கேட்டால், பழக்கம் விட்டால் மனிசன் பழுதாப் போவான் என்பார்.

ஒருநாள் அந்த மணிக்கூட்டை யன்னலால் எறிந்துவிட்டேன். அது ஹைம் பொறுப்பாளரின் கார்க் கூரையில் போய் விழுந்து, அங்கேயும் அடித்துக்கொண்டிருந்தது. ஜெர்மன் தயாரிப்பு.

பொறுப்பாளர் முடிவாகச் சொல்லிவிட்டார். கோபத்துக்கு ஆலோசனை சொல்கிற அம்மா ஒருவரிடம் நான் போகவேண்டும். என்னால் ஆபத்தில்லை என்று அவர் சொன்னால் இங்கே இருக்கலாம். இல்லாவிட்டால், மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றிலுள்ள ஹைமுக்குத் தனியே அனுப்பிவிடுவார்கள். அங்கே மருந்துக்கும் தமிழர் இல்லை. சோறு எப்படியும் சமைக்கலாம். சண்டை பிடிக்க யாரைத் தேடுவது? உண்மையிலேயே பயந்துபோனேன்.

ஹைமில் ஜெர்மன் மொழி தெரிந்த தமிழர் ஒரே ஒருவர். சேர்ட்டை உள்ளே விட்டபடி அவர் எப்போதோ தயாராக இருந்தார்.

அந்த அம்மா கனிவாக ஏதோ கேட்டார்.

“ஆரோடை கோபம் எண்டு கேக்கிறா,” என்றார் அண்ணை.

“அறையிலை இருக்கிற ஒராளோடை எண்டு சொல்லுங்கோ.”

“அறையிலை நாங்கள் ரெண்டு பேர்தானே, தம்பி?”

“அண்ணை, நீங்கள் மொழிபெயர்க்க மட்டும்தான் வந்தனீங்கள்.”

அவர் மொழிபெயர்த்தார். ஒரு சொல்லையும் விடவில்லை என்பது, அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்ததில் தெரிந்தது. பிறகு கொழுத்த தலையணை ஒன்றைத் தூக்கி நிலத்தில் போட்டார்.

“இதை நான் எண்டு நினைச்சு அடிக்கட்டாம்,” என்றார் அண்ணை, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

வயதில் மூத்தவரை அவர் கண்முன்னே எப்படி அடிப்பது? குழந்தையை நித்திரையாக்குவதுபோல மெல்லத் தட்டினேன். போதாதாம். கை கூசினால் காலால் உதைக்கட்டாம். கிராமத்து ஹைமை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஓங்கி ஓர் உதை விட்டேன். தலையணை தப்பிவிட்டது. என் கால் அண்ணையின் முழங்காலில் போய்ப் பட்டது.

கால் பட்டால் என்ன செய்வோம்? யோசிப்பதற்குள் கை தானாகவே போய்விட்டது. குனிந்து அண்ணையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவரும் பழக்கத்தில், “பறவாயில்லை, பறவாயில்லை,” என்று என் தலையைத் தடவினார்.

நிமிர்ந்து பார்த்தால் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாராம். முதல் நாளிலேயே எதிரியின் பாதத்தில் விழுந்த ஒருவரை இப்போதுதான் காண்கிறாராம்.

“அண்ணை, இது தவறிப் பட்ட கால் எண்டு சொல்லுங்கோ.”

“பேசாமல் இரு. விசர் வேலை பாக்காதை.”

அங்கிருந்தே அந்த அம்மா பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தார். என்னை அனுப்பக் கூடாது. அதுமட்டுமல்ல, இப்படிப்பட்ட இருவரை ஒருபோதும் பிரிக்கவும் கூடாது என்று சொன்னாராம். பிரிக்கவில்லை. மேலும் இரண்டு வருடம் ஒரே அறையில் கிடந்தோம். பிறகு நான் கலியாணம் கட்டியது அண்ணையின் தங்கையை. (இதையும் அந்த அம்மாவின் சிகிச்சையில்தான் சேர்க்கவேண்டும்.)

இன்றைக்கும் எந்த விசேஷத்திலும் அண்ணை என்னை அறிமுகப்படுத்துவது, “இவர் என்ரை காலிலை விழுந்தவர்,” என்றுதான். இல்லை, அது தவறிப் பட்ட கால் என்று நான் விளக்கத் தொடங்குவேன். விளக்க விளக்கக் குரல் கொஞ்சம் ஏறும். என் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அண்ணை கதிரையில் சாய்ந்தபடி காலை மெல்ல என் பக்கம் நீட்டுவார்.