நல்ல நேரத்தில் ஓடிய பேக்கப்

கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒருமுறை வாயைவிட்டால் போதும், அப்புறம் தெரியாததையும் நாமேதான் செய்ய வேண்டும். (டிப்ளமோ முடித்த கையோடு ஊரெல்லாம் சொல்லிவைத்தது நானேதான்.)

வில்லியனூரில் கல்யாண மண்டபத்தின் கீழேயே மாமாவின் போட்டோ ஸ்டுடியோ. அங்கே ஒரு ஹார்ட் டிஸ்க் செத்து, இரண்டு கல்யாணப் படங்களும் அதோடு போனதும் மாமா என்னைக் கூப்பிட்டார். ஸ்டுடியோ படங்கள் தினமும் தானாகவே இன்டர்நெட் வழியாக ஏம்பலத்தில் அவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேர வேண்டும். பேக்கப் மென்பொருளைப் போட்டேன். "எத்தினி மணிக்கு ஓடணும் மாமா?" என்று கேட்டதுதான் தப்பு.

மாமா தினசரி காலண்டரைப் புரட்டினார். "நல்ல நேரத்துல போடுடா. செத்த டிஸ்க்கு ராகு காலத்துல வாங்கினது."

மண்டபம் காலியாக இருக்கும்போது ஓட வேண்டிய வேலை இது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிழமைக்கு ஒன்றாக, குறித்த மணிக்குத் தானே ஓடும் ஏழு ஜாப் அமைத்தேன். வெள்ளிக்கிழமைக்குக் காலை ஒன்பதேகால். வேகக் கட்டுப்பாடு கிடையாது. பாதியில் நின்றால் மறுபடி ஆரம்பிக்க வேண்டும், முடியும்வரை விடக் கூடாது. (மாமா வீட்டு வேலையாயிற்றே!)

பேக்கப்புக்கு நல்ல நேரம் என்றால் கல்யாணத்துக்கும் அதுதான் நல்ல நேரம் என்பது என் மரமண்டையில் ஏறவில்லை.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அதே மண்டபத்தில் மாமா பெண் ரேவதிக்குக் கல்யாணம். பாரீஸில் இருந்த அவள் அண்ணன் செல்வத்துக்கு லீவு கிடைக்கவில்லை. தங்கச்சிக்குத் தாலி கட்டுவதை நேரலையில் பார்த்துவிட்டால் போதும் என்று அழாக்குறையாகச் சொல்லியிருந்தான். நேரலை என் பொறுப்பு. இன்டர்நெட் ஸ்டுடியோவுடையது.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். கெட்டிமேளம் முழங்கியது. மணி ஒன்பதேகால். என் போன் அடித்தது.

"டேய், மாப்ள இன்னாடா தாலியத் தூக்கினு அப்படியே நிக்கிறாரு? என் தங்கச்சியப் புடிக்கலயா?"

பேக்கப் மொத்த இன்டர்நெட்டையும் விழுங்கிவிட, அங்கே படம் உறைந்துவிட்டது. போனைக் காதில் வைத்தபடியே கீழே ஓடினேன். ஜாப்பை நிறுத்தினேன். என் உத்தரவுப்படி அது மறுபடி ஆரம்பித்தது. நிறுத்தினேன், ஆரம்பித்தது. பதறிப்போய் ஒயரைப் பிடுங்கினேன். அது ரவுட்டரின் ஒயர்.

"ஐயோ, இப்ப ஒண்ணுமே தெரியல! மண்டபத்துல எதுனா சண்டையாடா?"

"கட்டிட்டாரு மச்சான்" என்றேன் ஈனக்குரலில்.

விடியாத பாரீஸில் பட்டு வேட்டி கட்டி, அட்சதையோடு காத்திருந்தவன் அதை அந்த இருட்டுத் திரைமேல் போட்டுவிட்டு அழுதான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மேலே போனால் அத்தை காத்திருந்தாள். "முறப்பையன் புத்திய காட்டிட்டியேடா!" மாமா மட்டும் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போய், "பேக்கப்பு ஆச்சா?" என்று கேட்டார்.

இன்றைக்கும் ரேவதியின் கல்யாண நாளன்று செல்வம் போன் செய்தால், வாழ்த்துக்கு முன்னால் மாப்பிள்ளையைத்தான் கூப்பிடுவான். "இன்னா மாப்ள, கட்டியாச்சா?"

இரண்டு பிள்ளைகளையும் மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை சொல்வார்: "யோசிச்சினே கீறேன் மச்சான்."