ஓவசியர் தாடியும் ஒரு கீச்சுச் சத்தமும்

அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கையும் மெய்யுமாகப் பிடிக்கும்வரை தாடி வழிப்பதில்லை என்று ஓவசியர் கனகசிங்கம் கிணற்றடியில் வைத்துச் சத்தியம் பண்ணினார். பக்கத்தில் நின்ற மனைவி சீதேவிப்பிள்ளை வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

சும்மா சத்தமா அது? கிழட்டு ஏ-போர்ட்டி கார் பள்ளத்தில் இறங்கினால் ஒரு கீச். ஏறினால் ஒரு கீச். ஆரையம்பதிச் சந்தையில் மீன் விற்கிறவன்கூட, கார் கண்ணில் படுமுன்னே, "ஓவசியர் வாறார், வழி உடுங்க!" என்று கத்தத் தொடங்கிவிட்டான். கனகசிங்கமோ இருபது வருசம் நீர்ப்பாசன ஓவசியர். எந்த வயல் வட்டையில் வாய்க்கால் கட்டு கசிந்தாலும் காதை வைத்தே இடத்தைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிசனுக்குத் தன் காருக்குள் கிடக்கிற சத்தம் பிடிபடவில்லை என்றால் மானம் போகாதா?

இன்னொரு சங்கதியும் உண்டு. எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டின ஆம்பிளைக்கு என்ன சொந்தம், சொல்லுங்கள்? வீடு மனைவிக்கு. வளவு மனைவிக்கு. கிணறும் அதிலிருக்கிற தவளையும் மனைவிக்கு. காரும் மாமனார் கொடுத்த சீதனம்தான். ஆனால் ஸ்டியரிங்! அது மட்டும் கனகசிங்கத்தின் தனி ராச்சியம். ஓட்டப் பழக்குங்கள் என்று சீதேவிப்பிள்ளை ஏழு தரம் கேட்டாள். ஏழு தரமும் அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஏழாம் தரம் சிரித்து ஒரு கிழமைக்குள் சத்தம் வந்துவிட்டது.

மனிசன் காரைக் கழற்றினார் பாருங்கள்! கதவு நாலும் முற்றத்தில். சில்லு நாலும் மாமரத்தடியில். ஆணிக்கு ஆணி தேங்காயெண்ணெய். போதாதென்று கதவு இடுக்கெல்லாம் சவர்க்காரம். பூட்டி ஓட்டினால், கீச்!

"என்ட பாக்குவெட்டியையும் காணயில்ல," என்றாள் சீதேவிப்பிள்ளை, பாக்கை உரலில் இடித்துக்கொண்டு. "சத்தம் தேடக்குள்ள அதையும் ஒருக்காத் தேடுங்க."

"நான் என்ன தேடுறன், நீ என்ன தேடச் சொல்றாய்!"

கடைசியில் காத்தான்குடி முகைதீன்பாவா பாஸிடம் ஓடினார். கார் வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"ஓட்டிக்கொண்டே சத்தம் பிடிக்க ஏலா ஓவசியர். வேறொராள் ஓட்டோணும், நீங்க காது வைக்கோணும்."

"அப்ப நீங்க ஓட்டுங்க பாஸ்."

"எனக்கு மூணு வேன் கழட்டினபடி கிடக்கு."

"மறுகா ஆர் ஓட்டுற?"

"ஊட்டுல ஆள் இருக்குதானே."

வேறு வழி? அண்டைக்குப் பின்னேரமே பாடம் தொடங்கியது. கிளச் இது, பிரேக் இது.

"சத்தத்துக்காக மட்டும்தான், விளங்கிச்சா?"

"ஓமோம். சத்தத்துக்காக மட்டும்."

அவள் ஓட்ட ஓட்ட, கனகசிங்கம் பின் சீற்றில் படுத்துக் கேட்டார். சத்தம் முன்னாலிருந்து வந்தது. முன்னுக்கு வந்து அவள் பக்கமாகக் காதைச் சாய்த்தார்.

"இஞ்சேருங்க! தள்ளி இருங்க. ரோட்டில ஆக்கள் பாக்கிறாங்க!"

வெட்கப்பட்டுப் பின்னுக்கே போய்விட்டார் மனிசன். மூன்று மாதம் இப்படி. தாடி நெஞ்சைத் தொட்டது. சத்தக் காரில் போய் இறங்க மானமில்லாமல் சொந்தக்காரர் கலியாணத்துக்கே பஸ்சில் போய்வந்தார்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. களுவாஞ்சிக்குடியில் இருக்கிற சீதேவிப்பிள்ளையின் தங்கச்சி அன்னப்பூரணிக்குப் பிள்ளைப்பேற்று நோக்காடு கண்டுவிட்டதாம். பஸ் ஓடவில்லை. சீதேவிப்பிள்ளை உடுப்புப் பையோடு வாசலில் நின்றாள்.

"காரை எடுங்க."

"இந்தச் சத்தத்தோட உன்ட மச்சானுக்கு முன்னால போய் இறங்கவா? அவன் இந்தச் சென்மத்துக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சத்தத்தைப் பிடிப்பம், மறுகா போவம்!"

அவள் பையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"டிக்கிக்குள்ள இருந்து இன்னும் கேக்கயில்லையே நீங்க."

கனகசிங்கம் துள்ளிக் குதித்தார். அட, டிக்கி! எப்படி விட்டுப்போனது? சாரத்தை மடித்துக் கட்டி உள்ளே ஏறிச் சுருண்டார். மூச்சுவிட வசதியாக மூடியை அரைவாசி தூக்கிக் கயிற்றால் கட்டினாள் சீதேவிப்பிள்ளை.

"வட்டை ரோட்டால மெதுவாப் போ!"

"ஓம்."

கார் கிளம்பியது. கீச்! வருது, வருது! காதைத் தகரத்தில் அழுத்தினார். ஆனால் ரோட்டு ஏன் இவ்வளவு மெத்தென்று போகிறது? எட்டிப் பார்த்தார். தார் ரோட்டு! களுவாஞ்சிக்குடி ரோட்டு!

"சீதேவி! நிப்பாட்டு! வீட்டுப் பக்கம் திருப்பு காரை!"

கீச், கீச் என்று கார்தான் பதில் சொன்னது. பின்னால் சைக்கிளில் வந்த ஊர் விதானையார் மரியாதையாக இறங்கி நின்று, "ஓவசியர் ஐயா, எங்க பயணம்?" என்று டிக்கியைப் பார்த்துக் கேட்டார். கனகசிங்கம் தாடியால் முகத்தை மூடிக்கொண்டார்.

நாலு மைல் போனபிறகு கார் நின்றது.

"இறங்குங்க. அந்தா முன்னால சென்றி. டிக்கிக்குள்ள ஆளை வச்சுக்கொண்டு ஆமிக்கு முன்னால போக எனக்கென்ன விசரா?"

"தள்ளு! நான் ஓட்டுறன்."

"லைசன் இருக்கா?"

சாரத்தைத் தடவினார். மடிக்குள் அடையாள அட்டை மட்டும் இருந்தது. லைசன் வீட்டில், கழற்றிப் போட்ட சேட்டுக்குள். சீதேவிப்பிள்ளை கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். புத்தம் புது லைசன். அவள் படம்.

"இது... எப்ப?"

"நீங்க பஸ்சில கலியாணத்துக்குப் போன அண்டைக்குத்தான் லைசன் சோதனை. முகைதீன்பாவா பாஸ்தான் கூட்டிப் போனார். அவர்ட மகள் றஸீனாட கலியாணச் சட்டையெல்லாம் ஆர் தைச்ச? நான்தானே!"

ஆமிக்காரர் வாகனம் மறித்துச் சோதிக்கிற சென்றியில் சட்டம் ஒன்றுதான். ஓட்டுறவர் காரோடு போகலாம், மற்றவர்கள் இறங்கி வரிசையில் நடக்க வேண்டும். சீதேவிப்பிள்ளையின் லைசனைப் பார்த்ததும் ஆமிக்காரப் பொடியன் தலையாட்டினான். கனகசிங்கத்தின் அட்டையைப் பார்த்தான். படத்தில் வழுவழுவென்று ஒரு முகம். எதிரே சடாமுனி.

"இது வேற ஆள்," என்றான், துவக்கைச் சரிசெய்துகொண்டு. "மேடம், இவர் தெரியும்?"

கனகசிங்கம் தாடியை இரண்டு கையாலும் அமுக்கி மறைத்தார். சீதேவிப்பிள்ளை அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். அவசரமே படவில்லை.

"ஸ்டியரிங் ஆருக்கு?" என்றாள் மெதுவாக.

"சீதேவி! இது விளையாடுற இடமா?"

"இல்லத்தானே. கெதியாச் சொல்லுங்க."

"உனக்கு."

"இண்டைக்கு மட்டுமா?"

"எண்டைக்கும் உனக்குத்தான் தாயே!"

"என்ட புருசன்தான் தம்பி," என்றாள் சீதேவிப்பிள்ளை. "கொஞ்ச நாளாச் சுகமில்ல."

பொடியன் பாவப்பட்டு வழி விட்டான். கனகசிங்கம் மூட்டை முடிச்சுக்காரரோடு வரிசையில் நடந்தார். கார் அப்பால் போய் நின்றது. ஓடிப்போய் இடது பக்கத்தால் ஏறினார். மறுபடி கிளம்பியது. ஒரு பள்ளம். இன்னொரு பள்ளம்.

"சீதேவி! சத்தம்! சத்தம் எங்க?"

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் மடியிலிருந்த பாக்குவெட்டியைத் தூக்கி அவர் கையில் வைத்தாள். துருப்பிடித்த பிடியெல்லாம் சீற்றுப் பஞ்சு. மூன்று மாதமாய்க் கார் முழுக்கத் தேடின மனிசன், தான் குந்தியிருந்து ஓட்டின சீற்றைக் கிழித்துப் பார்க்கவில்லை!

"வெத்திலை பைக்குள்ள இருக்கு," என்றாள். "எனக்கு ரெண்டு கையும் ஸ்டியரிங்கில. நீங்க பாக்கை வெட்டித் தாங்க."

கனகசிங்கம் வெட்டினார். கீச் என்றது.